மீலோஸ் தீவின் வினா: சர்வதேச உறவுக் கல்வியின் அடிப்படை பற்றிய ஒரு திறனாய்வு

கல்வித்துறை ஒவ்வொன்றும் ஒரு மூலவினாவினின்றும் தோன்றுவது. விருப்பங்கள் பலவாகவும் வளங்கள் சிலவாகவும் இருக்குமிடத்து மக்கள் யாது செய்வர் என்னும் வினாவினின்றும் பொருளியல் தோன்றிற்று. ஒரு நாட்டினுள்ளே ஆணை செலுத்துவோர்க்கு அவ்வுரிமை எங்கிருந்து வந்தது என்னும் வினாவினின்றும் அரசியற் சிந்தனை தோன்றிற்று. சர்வதேச உறவுகள் என்னும் துறைக்கும் அத்தகைய வினா ஒன்று உண்டு. தமக்கு மேலே நின்று முறைசெய்யும் வேந்தன் ஒருவனும் இல்லாத அரசுகள் தம்முள் எவ்வாறு ஒழுகுகின்றன, எவ்வாறு ஒழுகுதல் வேண்டும் என்பதே அது. இவ்வினா இரு பாதிகளையுடையது. முதற்பாதி உள்ளதை உரைக்கச் சொல்கின்றது. பிற்பாதி நல்லதை நாடச் சொல்கின்றது. ஒரு பாதியை மட்டும் கற்று மறுபாதியைக் கைவிடுவோர் முழுவினாவுக்கும் விடை கண்டவராகார். இக்கூற்றினைப் பழைய நூலொன்றின் ஒரு பகுதியைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்துறை பிறந்த வரலாற்றை முதலில் நோக்குவோம். முதலாம் உலகப் போர் முடிந்தபின், 1919ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரியிலே சர்வதேச அரசியலுக்கென ஒரு பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. போரில் மாண்ட மாணவர் நினைவாகச் செல்வர் டேவிட் டேவிஸ் வழங்கிய நன்கொடையால் அமைந்த அப்பதவி, அமெரிக்க சனாதிபதி வூட்ரோ வில்சனின் பெயரைத் தாங்கிற்று. அதில் முதன்முதல் அமர்ந்தவர் அல்பிரட் சிமேர்ன். 1911இல் பண்டைக் கிரேக்கரின் பொதுவாழ்வு பற்றி நூலெழுதிப் புகழ்பெற்ற அறிஞர் அவர். போரினால் இறந்தோரை எண்ணி, இனியொரு போர் நிகழாவண்ணம் காக்கும் அறிவைத் தேடி எழுந்தது இத்துறை என்பதும், அதன் முதலாசிரியர் கிரேக்க நூற்பயிற்சியுடையார் என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

1936இல் அதே பதவிக்கு வந்தவர் ஈ. எச். கார். பிரித்தானிய வெளிநாட்டுச் சேவையில் இருபதாண்டு பணியாற்றிய அவர், சர்வதேச சங்கத்தின் மீது மக்கள் வைத்த நம்பிக்கை ஒவ்வொன்றாகச் சரிந்ததைக் கண்டவர். 1939இல் வெளிவந்த ‘இருபதாண்டு நெருக்கடி’ என்னும் பொருள்படும் தலைப்புடைய அவருடைய நூல், தமக்கு முன்னிருந்தோர் விருப்பத்தை உண்மையென மயங்கினர் என்று குற்றஞ்சாட்டிற்று. பின்னர் ஜேர்மனியினின்றும் அமெரிக்கா சென்ற ஹான்ஸ் மோகென்தோ 1948இல் எழுதிய பெருநூலில், அரசுகளின் நலன் வலியினாலேயே வரையறுக்கப்படுவது என்று நாட்டினார். கென்னத் வால்ட்ஸ் 1959இல், போருக்குரிய காரணத்தைத் தனிமனிதர் இயல்பிலும் அரசின் அமைப்பிலும் அரசுகளிடையேயுள்ள தலைமையற்ற நிலையிலும் என மூவிடங்களில் தேடலாம் என்று வகுத்தார். 1979இல் வெளியிட்ட நூலில் மூன்றாவதற்கே முதன்மை தந்தார். இவர்தம் நெறியினையே மெய்ம்மைவாதம் என வழங்குகின்றோம்.

மெய்ம்மைவாதத்தின் மூதாதை எனப் பாடநூல்கள் பலவும் காட்டுவது, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏதென்ஸ் நகரத்தவரான தூசிடிடீஸை. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்குமிடையே கி.மு. 431 முதல் 404 வரை நிகழ்ந்த போரின் வரலாற்றை எழுதியவர் அவர். அந்நூலின் ஐந்தாம் பகுதியின் இறுதியில் வருவது மீலோஸ் உரையாடல். உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் கற்பிக்கும் நம்மிற் பலர் இவ்வுரையாடலை முழுமையாகக் கற்பிப்பதில்லை. அதன் ஒரேயொரு வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதுவித்து, மெய்ம்மைவாதத்தின் சாரம் இதுவே என்று முடித்துவிடுகின்றோம். மாணவரும் அதனைப் பரீட்சைத்தாளில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். ஒரு சிறு தீவில் வாழும் இளைஞர், வலியார் செய்வதை எளியார் பொறுத்தல் உலக இயற்கை என்பதையே ஒரு துறையின் முடிந்த முடிபாக ஏற்று வெளியேறுவராயின், அதனாற் குறைவது அவர்தம் அரசியலறிவு மட்டுமன்று. தம் நாட்டின்மீது அவர் வைக்கும் நம்பிக்கையுங் குறையும். ஆதலின் அவ்வாக்கியம் நிற்கும் இடத்தை நன்கு நோக்குதல் வேண்டும்.

மீலோஸ் ஏஜியன் கடலிலுள்ள ஒரு சிறு தீவு. அங்கு வாழ்ந்தோர் ஸ்பார்ட்டாவினின்றும் குடியேறிய மரபினர். மற்றைத் தீவுகள் பெரும்பாலும் ஏதென்ஸுக்குத் திறை செலுத்தியிருக்க, மீலோஸ் மட்டும் அதற்கு இணங்கவில்லை. போர்த் தொடக்கத்தில் அது எப்பக்கமும் சாராதிருந்தது. கி.மு. 426இல் நிக்கியாஸ் என்னும் தளபதி 60 கப்பல்களோடும் 2000 காலாட்களோடும் வந்து அத்தீவின் நிலங்களைப் பாழ்படுத்தினான். அத்தகைய செயல்களின் பின்னரே மீலோஸ் வெளிப்படையாகப் பகைமை பூண்டது. கி.மு. 416இல் ஏதென்ஸ் மீண்டும் 38 கப்பல்களை அனுப்பிற்று. தளபதிகள் போரைத் தொடங்குமுன் தூதுவரை அனுப்பினர். மீலோஸ் தலைவர்கள் அத்தூதுவரைப் பொதுமக்கள் முன்னிலையில் பேசவிடாது, அதிகாரிகளும் சிலரும் கூடிய அவையில் மட்டும் பேசவிட்டனர்.

ஏதென்ஸ் தூதுவர் நீதி பற்றிய பேச்சைத் தொடக்கத்திலேயே விலக்கினர். பாரசீகரை வென்று கிரேக்கத்தைக் காத்தமையால் தமக்குப் பேரரசுரிமை உண்டெனத் தாம் கூறப்போவதில்லை என்றனர். மீலோஸாரும் தாம் குற்றமற்றவர் எனக் கூறவேண்டா என்றனர். வலியில் ஒப்பாரிடையேதான் நீதி வழக்குக்கு வரும். ஒப்பில்லாதவிடத்து வலியார் இயன்றது செய்வர், எளியார் இணங்குவர் என்பது அவர்தம் கருத்து. குறிப்பேடுகளில் நாம் எழுதுவிப்பது இதனையே. மீலோஸாரோ, நீதியைப் பேசலாகாதெனின் பயனையே பேசுவோம் என்று கொண்டு, இடர்ப்பட்டோர்க்கு நியாயம் கிடைக்கும் வழக்கத்தை அழியாது வைத்தல் ஏதென்ஸுக்கும் பயனுடையதே என்றனர். ஏதென்ஸ் ஒருநாள் வீழுமாயின் அவ்வழக்கம் அதற்கே வேண்டப்படும் என்றனர். எப்பக்கமும் சாராத எம்மைத் தாக்கினால் ஏனைய நடுநிலையாளரும் உம்மைப் பகைப்பர் என்றும் எடுத்துரைத்தனர். தூதுவர் இவற்றை ஏற்றிலர். தெய்வத்தின் துணையையும் ஸ்பார்ட்டாவின் உதவியையும் மீலோஸார் குறிப்பிட்டபோது, நம்பிக்கையென்பது கைப்பொருளனைத்தையும் வைத்துச் சூதாடுவோரைக் கெடுப்பது என்றும், குறி கேட்டும் சோதிடம் பார்த்தும் அழிந்தோர் வழியிற் செல்லவேண்டா என்றும் அறிவுறுத்தினர்.

மீலோஸார் பணிந்திலர். முற்றுகை தொடர்ந்தது. இருமுறை அவர்கள் முற்றுகை மதிலின் ஒருபகுதியைக் கைப்பற்றினர். ஆயினும் புதுப்படை வந்தது. உள்ளேயும் துரோகம் நிகழ்ந்தது. ஸ்பார்ட்டாவின் உதவி வரவேயில்லை. சரணடைந்தோருள் வயதுவந்த ஆடவர் கொல்லப்பட்டனர். பெண்டிரும் சிறுவரும் அடிமைகளாக விற்கப்பட்டனர். 500 ஏதென்ஸ் குடிகள் அங்குக் குடியேற்றப்பட்டனர்.

இங்கு நாம் எழுப்பவேண்டிய முதல் வினா, அவ்வாக்கியத்தைச் சொல்பவர் யார் என்பது. நாடகமொன்றிற் பாத்திரம் கூறுவதை ஆசிரியர் கூற்றெனக் கொள்வது திறனாய்வின் பாற்பட்டதன்று. அவ்வாக்கியத்தைக் கூறுபவர் ஏதென்ஸ் தூதுவர், தூசிடிடீஸ் அல்லர். அவரோ தளபதியாயிருந்து, கி.மு. 424இல் அம்பிபொலிஸ் நகரைக் காக்கத் தவறியமையால் நாடு கடத்தப்பட்டு, இருபதாண்டு வெளியே வாழ்ந்தவர். இருதிறத்தாரையும் அருகிருந்து காணும் வாய்ப்பு அதனாற் கிடைத்ததென அவரே குறித்துள்ளார். அவ்வுரையாடல் பற்றித் தம் தீர்ப்பு எதனையும் அவர் அவ்விடத்திற் கூறவில்லை. அவர்தம் கருத்தை அறிய விரும்புவோர் முன்னும் பின்னும் அவர் வைத்தவற்றை நோக்குதல் வேண்டும்.

பின்னே வைத்தது யாது? மீலோஸார் கொல்லப்பட்ட செய்தியோடு ஐந்தாம் பகுதி முடிகிறது. ஆறாம் பகுதியின் தொடக்கமோ, அதே மாரிகாலத்தில் ஏதென்ஸார் சிசிலித் தீவை வெல்ல எண்ணினர் என்பதும், அத்தீவின் பரப்பையும் மக்கட்டொகையையும் அவருட் பெரும்பாலோர் அறிந்திலர் என்பதுமாகும். சிறிய தீவொன்றை விழுங்கியவர் அளவறியாத பெருந்தீவொன்றை நோக்கி வாய் திறந்தனர். கி.மு. 415இற் புறப்பட்ட அப்பெரும்படை 413இல் சிசிலியில் முற்றாக அழிந்தது. தப்பிச்செல்ல நேரமிருந்தபோது சந்திரகிரகணம் நிகழ்ந்தது. குறிசொல்வோர் கூற்றைக் கேட்டு மூவொன்பது நாள் பொறுத்திருக்கத் துணிந்தான் தளபதி. அவன் பெயர் நிக்கியாஸ். மீலோஸின் நிலங்களைப் பாழ்படுத்திய அதே நிக்கியாஸ். இறுதியாகத் தோற்றோடும் படையைத் தேற்றுமிடத்து அவன் பேசியதும் நம்பிக்கை பற்றியும் தெய்வங்களின் இரக்கம் பற்றியுமே. மீலோஸாரின் வாயில் எள்ளப்பட்ட சொற்கள் ஏதென்ஸ் தளபதியின் வாயிற் புகுந்தன. சிறைப்பட்டோர் ஏழாயிரவர்க்குக் குறையாதோர் கற்குழிகளில் அடைக்கப்பட்டு வாடினர்.

மீலோஸிற் செய்த கொடுமைக்குத் தெய்வம் தந்த தண்டனையே சிசிலித் தோல்வி எனத் தூசிடிடீஸ் கூறினார் என்று சொல்லுதல் பொருந்தாது. அவர் அத்தகைய காரணங்களை நாடுபவரல்லர். அவர் காட்டும் தொடர்பு மனநிலை பற்றியது. தன் விருப்பத்துக்கு எதிர்நிற்பார் இல்லையென்று எண்ணும் பழக்கம், தன் வலியின் எல்லையை அளக்கும் ஆற்றலை அழிக்கின்றது. போர்க்காலத்தில் பேரரசை மேலும் விரிக்கலாகாது என்று பெரிக்கிளீஸ் முன்னரே எச்சரித்ததையும் அவர் எழுதியுள்ளார்.

முன்னே வைத்ததும் நோக்கற்பாலது. கி.மு. 427இல் கிளர்ச்சி செய்து தோற்ற மிதிலீனி நகரத்து ஆடவர் அனைவரையும் கொல்ல ஏதென்ஸ் அவை தீர்மானித்தது. மறுநாள் மனம் வருந்தி மீண்டும் கூடியது. கிளியோன் கொலையை வற்புறுத்தினான். தியோதோத்தஸ் இரக்கத்தை வேண்டாது, பயனை எடுத்துக்காட்டியே கொலையைத் தடுத்தான். இரண்டாவது கப்பல் விரைந்து சென்று பெருங்கொலையை நிறுத்திற்று. கிளர்ச்சித் தலைவரென ஆயிரவர்க்கு மேற்பட்டோர் அப்போதுங் கொல்லப்பட்டனராதலின் அதனைக் கருணையின் வெற்றி எனல் மிகையாகும். எனினும் பயனைக் கணிப்பதுதானும் கொடுமைக்கு வரம்பு விதிக்கக்கூடும் என்பது அங்கே தெளிவாகின்றது. பதினோராண்டின் பின் மீலோஸில் அவ்வரம்பும் இல்லை.

வரலாற்றின் எஞ்சிய பகுதியைக் கூறுபவர் செனொபன். கி.மு. 405இல் கடற்படையின் எச்சமும் அழிந்த செய்தி வந்த இரவில், மீலோஸார்க்குத் தாம் செய்தது தமக்கும் நேருமோ என்று அஞ்சி ஏதென்ஸில் எவரும் உறங்கிலர் என அவர் எழுதுகிறார். கொரிந்தும் தீப்ஸும் அந்நகரை அடியோடு அழிக்க வேண்டின. ஸ்பார்ட்டா மறுத்தது, பாரசீகர் வந்த காலத்தில் கிரேக்கத்துக்கு ஏதென்ஸ் செய்த நன்மையைக் காரணங் காட்டிற்று. தீப்ஸ் மிக வலிபெறாதிருக்கவே ஸ்பார்ட்டா அவ்வாறு செய்ததென மெய்ம்மைவாதி கூறலாம், அதுவும் உண்மையாகலாம். ஆயினும் எந்தப் பாரசீகப் போர் நன்மையைப் பேசவேண்டாவென்று ஏதென்ஸ் தூதுவர் மீலோஸில் ஒதுக்கினரோ, அந்நன்மையின் பெயராலேயே ஏதென்ஸ் உயிர் பிழைத்தது. எஞ்சிய மீலோஸார் தம் தீவுக்கு மீட்கப்பட்டனர்.

இவ்வளவும் கூறியதனால் மீலோஸார் வழுவற்றவர் என்று கொள்ளலாகாது. வருமென எண்ணிய உதவி வருமா என்பதை அவர்கள் ஆராய்ந்திலர்; ஸ்பார்ட்டா தன் நலனுக்கு அப்பாற் கடல் கடந்து வருவதில்லை என்று தூதுவர் சொன்னது மெய்யாயிற்று. உயிரும் உடைமையும் இழக்கப்போகும் மக்களை அவர்கள் அவையிற் சேர்த்துக்கொள்ளவுமில்லை. நெறி தம் பக்கம் உண்டென்பதே படை தம் பக்கம் உண்டென்பதாகாது.

எளிய அரசு யாது செய்தல் வேண்டும் என்னும் இவ்வினாவை நம் நாட்டு மரபு அறியாததன்று. 1909இல் சாமசாஸ்திரியார் பதிப்பித்தமையால் உலகறிந்த கௌடலியரின் அர்த்தசாத்திரத்தில், பன்னிரண்டாம் அதிகரணம் வலிகுன்றிய அரசனைப் பற்றியது. வலியார்க்கு முற்றாகப் பணிக என்பது பாரத்துவாசர் கொள்கை. முழுவலியோடும் பொருதுக என்பது விசாலாட்சர் கொள்கை. கௌடலியர் இரண்டையும் மறுக்கிறார். எவர்க்கும் பணிபவன் வாழ்வில் நம்பிக்கையிழப்பான். சிறுபடையோடு பொருபவன் அழிவான். ஆதலின் மற்றொரு வேந்தன் துணையையோ அரணையோ நாடுக என்பார். மேலும் மேல்வருவோனை அறத்தால் வெல்பவன், பொருளாசையால் வெல்பவன், அசுரத்தன்மையால் வெல்பவன் என மூவகையாக்கி, அவரவர்க்கு ஏற்ப ஒழுகுக என்று வகுப்பார். மெய்ம்மைவாதத்தின் கீழைத்தேய முன்னோடியெனக் கௌடலியரைக் கூறுவோர் பெரும்பாலும் வெல்ல விரும்பும் அரசனுக்கு அவர் கூறியதையே எடுத்தாள்வர். எளியானுக்கும் அறிவினால் வழியுண்டு என்று தனி அதிகரணம் வகுத்ததை ஒதுக்கிவிடுவர். மேலைத்தேய நூலுக்கு நேர்ந்ததே கீழைத்தேய நூலுக்கும் நேர்ந்தது.

இனிக் காரிடம் மீள்வோம். அவர் வலியை மட்டும் பேசியவர் என்பதும் குறிப்பேடுகள் வளர்த்த மயக்கமே. தூய மெய்ம்மைவாதம் மனிதனுக்குச் செயலாற்ற ஒரு குறிக்கோளையோ தீர்ப்பளிக்க ஓர் அளவுகோலையோ தரமாட்டாது என்று தம் நூலிலேயே அவர் எழுதினார். நெறியும் வலியும் ஆகிய இரண்டினையும் கொண்டே அரசியல் நிகழ்வது என்பதே அவர் முடிபு. ஆயினும் 1938ஆம் ஆண்டு மியூனிக் உடன்பாட்டை அமைதிவழி மாற்றத்துக்கு எடுத்துக்காட்டாகப் போற்றியெழுதிய பகுதிகளை 1946ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் மாற்றவேண்டியதாயிற்று. வலியைக் கணக்கிடுவதில் வல்லவர் எனப்பட்ட அறிஞரே, எதிர்நின்றவன் அசுரவெற்றியை நாடுபவன் என்பதைக் கணிக்கத் தவறினார். மோகென்தோவோ 1960களில் வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்தார். அப்போரில் தம் நாடு வலியின் எல்லையை மறந்ததென்பது அவர் வாதம். சிசிலியின் பாடத்தைக் கற்றவர் அவர் எனலாம். அண்மையில், 2017இல், கிரகாம் அலிசன் சீன அமெரிக்கப் போட்டியை விளக்க எழுதிய நூலும் தூசிடிடீஸின் பெயரையே முன்வைத்தது. எழும் வலியும் அதனால் விளையும் அச்சமும் அங்கு விரித்துரைக்கப்படுகின்றன. மீலோஸ் போன்ற நாடுகளின் நிலை அத்தகைய ஆய்வுகளில் சுருங்கிவிடுகின்றது.

எளிய நாடுகளின் நிலையை அறிய நம் நாட்டு வரலாறே சான்று தரும். 1945ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சாசனம் அரசுகளின் சமத்துவத்தை ஓரிடத்திற் பறைசாற்றி, மற்றோரிடத்தில் ஐந்து வல்லரசுகளுக்குத் தடுப்புரிமையை வழங்கிற்று. 1948இல் சுதந்திரமடைந்த இலங்கை உறுப்புரிமை வேண்டியபோது சோவியத் ஒன்றியம் அவ்வுரிமையைப் பயன்படுத்தித் தடுத்தது. வல்லரசுகள் தம்முள் உடன்பட்ட பின்னரே, 1955 திசெம்பரில், வேறு பதினைந்து நாடுகளோடு இலங்கை சேர்க்கப்பட்டது. 1971இல் இலங்கை முன்னின்று முயன்றமையால் இந்து சமுத்திரத்தை அமைதி வலயமெனப் பொதுச்சபை பிரகடனஞ் செய்தது. பெருங்கடற்படையுடைய நாடுகள் அதற்கு இணங்காமையால் அது தாளளவில் நின்றது. இவ்விரண்டும் தூதுவர் கூற்றை மெய்ப்பிப்பன போலத் தோன்றும்.

ஆனால் மூன்றாவது ஒன்றுமுண்டு. 1967இல் மால்ட்டா என்னும் சிறுதீவின் பிரதிநிதி ஆர்விட் பார்டோ, ஆழ்கடற்படுகை மனித குலத்தின் பொதுச்சொத்தாதல் வேண்டும் என்று பொதுச்சபையில் வாதிட்டார். அதன்வழி 1973இற் கூடிய மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்கு இலங்கையின் ஷேர்லி அமரசிங்க தலைமை தாங்கினார்; 1980இல் அவர் மறைந்தபின் சிங்கப்பூரின் ரொமி கோ அதனை நடத்தி முடித்தார். தீவு நாட்டினர் மூவர். 1982இற் கையொப்பமாகி 1994இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், கரையோர நாடு ஒவ்வொன்றுக்கும் 200 கடல்மைல் பொருளாதார வலயத்தை வழங்கிற்று. போர்க்கப்பல் மிகுதியாக இல்லாத நாட்டுக்கும் அவ்வுரிமை உண்டு. வல்லரசுகள் இதற்கு இணங்கியது அருளினாலன்று. கடல்வழி தடையின்றித் திறந்திருத்தல் அவர்க்கும் பயனுடையது. ஐக்கிய அமெரிக்கா அதில் உறுப்புரிமை பெறாதபோதும் அதன் விதிகள் பலவற்றை வழக்காறாக ஏற்றுள்ளது. பொது வழக்கத்தைக் காத்தல் வலியார்க்கும் பயனே என்று மீலோஸார் கூறிய வாதம், ஏறத்தாழ 2400 ஆண்டுகளின் பின் ஓர் அவையில் வென்றது எனலாம். 1971இன் பிரகடனத்தில் நெறி இருந்தது. வலியாரின் நலன் இல்லை. 1982இன் சட்டத்தில் இரண்டும் இணைந்தன. காரின் முடிபுக்கு இதனினும் சிறந்த உரை வேண்டுவதில்லை.

ஆகவே இத்துறையைக் கற்பிப்போர்க்கு ஒன்று கூறலாம். மீலோஸ் உரையாடலை விலக்கவேண்டா. அதனை ஐந்தாம் பகுதியோடு நிறுத்தவும் வேண்டா. தூதுவர் கூற்றை எழுதுவிக்கும் அதே நாளில் சிசிலிக் கற்குழிகளையும் ஏதென்ஸின் உறங்கா இரவையும் கூறுதல் வேண்டும்; வாராத ஸ்பார்ட்டாவை நம்பிய மீலோஸாரின் பிழையையும் மறைத்தலாகாது. வலியை அளத்தல், துணையைத் தேர்தல், வலியார்க்கும் பயன்படும் விதிகளை ஆக்குதல் ஆகிய மூன்றும் சிறிய நாட்டுக்குரிய கல்வியாகும். இவற்றைக் கற்ற மாணவன் உலகை இனிய கனவாகவும் காணான். மாற்றவியலாத விதியாகவும் காணான். போரில் இறந்த மாணவர் நினைவாகத் தொடங்கிய ஒரு துறைக்கு நாம் செலுத்தத்தக்க கடன் அவ்வாறான மாணவரை ஆக்குதலேயாம்.